பழுதைப் பார்த்தல்

2024 மே மாதக் கல்லூரி விடுமுறையில் அக்கா வீட்டுக்கு ஜெர்மனி போயிருந்தேன். ஸ்டுட்கார்ட் நகரை ஒட்டிய ஒரு சிற்றூர். போய்ச் சேர்ந்த மறுநாள் அத்தானின் பழைய காரில் கடைத்தெருவுக்குக் கிளம்பினோம். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். அத்தான் ஒரு பொத்தானை அழுத்த, துணிக்கூரை முனகிக்கொண்டே எழுந்தது. பாதியில் என் நெற்றியில் ஏதோ சொட்டியது. கூரையில் தேங்கிய மழைநீர் என்று நினைத்துத் துடைத்தேன். துடைத்த விரல்கள் ஒன்றோடொன்று வழுக்கின.

“அது தண்ணி இல்ல மாப்ள, ஆயிலு” என்றார் அத்தான். சொல்லிவிட்டு, எனக்கென்றே வைத்திருந்ததுபோல ஒரு டிஷ்யூ தாளை நீட்டினார். அந்தப் பெட்டி எப்போதும் காரில் இருக்குமாம். முன்னிருக்கையில் உட்கார்கிற எல்லோருக்கும் ஒரு தாள்.

இலக்கியம் பேசுகிற இடத்தில் காரின் ஒழுகும் கூரைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். தமிழ் முதுகலை படித்து, இருபதாண்டுகளாக யாப்பும் பதிப்பியலும் நடத்திக்கொண்டிருக்கிற எனக்குக் கார் ஓட்டக்கூடத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொட்டு எண்ணெயைத் தொடர்ந்து போன மூன்று வாரங்களில், பழுது என்பதைப் பற்றி எனக்கு இருந்த எண்ணங்கள் பலவும் மாறிவிட்டன. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கார் 1995-இல் செய்யப்பட்டது. ஜெர்மன் தயாரிப்பு. எந்த நிறுவனம் என்பது இங்கே தேவையில்லை. அந்தக் காலத்து விலையுயர்ந்த கார்கள் பலவற்றுக்கும் இதே கதைதான். அத்தான் அதை 2003-இல் பழைய காராக வாங்கினார். அக்காள் மகளைப் பள்ளியில் விட்டது, அவள் ஓட்டக் கற்றது எல்லாம் அதில்தான். நான் போவதற்கு இரண்டு மாதம் முன்பு ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறார்கள். கூரையை இயக்கும் 12 ஹைட்ராலிக் சிலிண்டர்களையும் புதிதாக மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தந்தார்களாம். அந்தத் தொகை காரின் சந்தை விலையைத் தாண்டியது. ‘இதற்குச் செலவழிப்பது வீண், கழித்துவிடுங்கள்’ என்பது அவர்கள் யோசனை. ஜெர்மன் மொழியில் இந்த நிலைக்கு ஒரு சொற்றொடரே இருக்கிறது. தமிழில் ‘பொருளாதார முழுச்சேதம்’ என்று சொல்லலாம். கார் ஓடும், என்ஜினில் குறையில்லை, இருந்தாலும் கணக்குப்படி அது செத்துவிட்டது. அந்த நாட்டில் 30 ஆண்டு கடந்த, நல்ல நிலையில் உள்ள கார்களுக்கு வரலாற்று வாகனம் என்ற தகுதியும் ‘எச்’ என்று முடிகிற எண்பலகையும் கிடைக்கும். அத்தானின் காருக்கு அப்போது வயது 29.

இந்தக் கூரை எப்படி இயங்குகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். டிக்கியில் ஒரு சிறிய மின்மோட்டார், அதனோடு ஒட்டிய பம்பு, பக்கத்தில் எண்ணெய்க் குடுவை. அங்கிருந்து மெல்லிய நைலான் குழாய்கள் காரின் பக்கவாட்டில் ஓடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகின்றன. பொத்தானை அழுத்தியதும் முன்கண்ணாடியின் மேற்சட்டத்தில் இருக்கும் கொக்கிகள் விடுபடும், கூரையின் பின்பகுதி எழும்பும், இருக்கைக்குப் பின்னால் உள்ள மூடி திறக்கும், கூரை மடிந்து உள்ளே போகும், மூடி சாத்திக்கொள்ளும். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததா என்று சிறு சுவிட்சுகள் தகவல் சொல்ல, அதன் பிறகே அடுத்த கட்டம் நடக்கும். எல்லாம் அரை நிமிடத்துக்குள். கார் டயரில் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறைய 2.2 பார். இந்தக் குழாய்களிலோ நூறு பாரையும் தாண்டும். கட்டைவிரல் பருமனுள்ள, அதாவது 20 மி.மீ. விட்டமுள்ள ஒரு பிஸ்டன் 100 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 320 கிலோ எடையைத் தள்ளும். மடிகிற கூரைச் சட்டத்துக்கு இடையில் விரலை விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். குழாயில் ஊசித்துளை விழுந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும் என்று அக்காள் மகள் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.

இத்தனை விசையையும் உள்ளே அடைத்து வைத்திருப்பது ஒரு வளையம். பிஸ்டன் தண்டு சிலிண்டரை விட்டு வெளியே வருகிற வாயில் பொருத்தப்பட்ட, மோதிரத்தைவிடச் சிறிய ஒரு சீல். பல கார்களில் அது பாலியூரித்தேன் என்ற பொருளால் ஆனது. அப்பொருளின் சில வகைகள் ஈரத்தாலும் வெப்பத்தாலும் ஆண்டுகள் போகப்போகச் சிதைந்துவிடும். கல்யாணத்துக்கு வாங்கி அலமாரியில் பத்திரமாக வைத்த ஷூவைப் பத்து வருடம் கழித்து எடுத்தால், நாலு எட்டு நடப்பதற்குள் அடிப்பாகம் பிட்டுப் பிட்டாக உதிருமே, அதே வேதியியல்தான். பயன்படுத்தியதால் தேயவில்லை; காலத்தால் உளுத்துப்போகிறது. ஆகையால் ஒரு சிலிண்டர் ஒழுக ஆரம்பித்தால் அதே வயதுள்ள மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்று பொருள். பட்டறைக்காரர் பன்னிரண்டையும் மாற்றச் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் இதே வேதியியல் இன்னொன்றையும் சொல்கிறது. பழைய இருப்பிலிருந்து வருகிற ‘புதிய’ சிலிண்டரின் உள்ளே இருக்கும் சீலுக்கும் இருபது வயது ஆகியிருக்கலாம்.

இது ஒரே நாட்டின் நோயும் அல்ல. 1996-இல் வந்த ஜாகுவார் எக்ஸ்கே8 காரின் உரிமையாளர்களிடையே இதற்குப் ‘பச்சை மழை’ என்றே பெயர். கூரையின் முன்விளிம்பில் உள்ள கொக்கிக்குப் போகும் குழாய் மூப்படைந்து வெடிக்க, பச்சை நிற எண்ணெய் ஓட்டுபவர் தலைமேல் பொழியும். இன்னும் பின்னோக்கிப் போனால், இயந்திரத்தால் இயங்கும் துணிக்கூரையை 1939-இல் அமெரிக்காவின் பிளிமத் கார் கொண்டுவந்தபோது அதில் எண்ணெயே இல்லை. என்ஜின் காற்றை உறிஞ்சும் விசைதான் கூரையை இழுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் கூரை, கண்ணாடி, இருக்கை மூன்றையும் ஒரே ஹைட்ராலிக் பம்பால் இயக்கினார்கள். திரவமாக அதில் ஓடியது பிரேக் எண்ணெய். அது ஈரத்தை இழுத்து சிலிண்டரை உள்ளே துருப்பிடிக்க வைக்கும். ஒழுகினால் காரின் வண்ணப்பூச்சைத் தின்றுவிடும். பின்னர் கனிம எண்ணெய்க்கு மாறினார்கள். இந்த இரண்டையும் கலந்துவிடக் கூடாது. பிரேக் எண்ணெய்க்கென்று செய்த ரப்பர் கனிம எண்ணெயில் ஊதிப்போகும். கனிம எண்ணெய்க்கான ரப்பர் பிரேக் எண்ணெயில் கெட்டுப்போகும். குறைந்த அளவுக்கு ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றி நிரப்பி, எல்லா சீல்களையும் ஒரே மாதத்தில் கொன்றவர்கள் உண்டு.

தமிழில் ‘ரிப்பேர்’ என்ற சொல்லை நாம் எப்படி வழங்குகிறோம் என்று கவனித்திருப்பீர்கள். ‘வண்டி ரிப்பேர்’ என்றால் வண்டி கெட்டுவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் சரிசெய்தலைக் குறிக்கும் சொல் நம்மிடம் வந்து கோளாறைக் குறிப்பதாகிவிட்டது. சரிசெய்வதற்கு நம்மிடம் வேறொரு சொல் இருந்தது காரணமாக இருக்கலாம்: பழுதுபார்த்தல். பாடநூல்காரர்கள் ‘பழுது நீக்கம்’ என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்குப் பழைய சொல்தான் பிடிக்கும். நோயாளியைப் பார்க்கிறோம், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறோம், வேலை பார்க்கிறோம். பார்ப்பதும் செய்வதும் ஒரே வினைக்குள் அடங்கியிருக்கின்றன. அத்தானின் காரைப் பொறுத்தவரை அதுவரை யாரும் பழுதைப் பார்க்கவில்லை என்பதே என் குறை. உறுப்புகளின் விலைப்பட்டியலைத்தான் பார்த்தார்கள்.

பார்ப்பதை அக்காள் மகள் தொடங்கினாள். அவள் இயந்திரவியல் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை காலையில் அவள் செய்த முதல் காரியம், வெள்ளை டிஷ்யூ தாள்களை எட்டாக மடித்து, கைக்கெட்டிய ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலும் ரப்பர் பட்டையால் கட்டியது. கூரையை ஐந்து முறை திறந்து மூடினோம். பம்புக்கு மின்சாரம் அதிகம் வேண்டும் என்பதால் பேட்டரியில் சார்ஜர் மாட்டியிருந்தது. பிறகு தாள்களை அவிழ்த்து வரிசையாக வைத்தாள். முன்சட்டத்தில் இருந்த இரண்டு தாள்கள் ஊறியிருந்தன. மூடியின் பூட்டுச் சிலிண்டர் ஒன்றில் ஒரு ரூபாய் அளவுக்குக் கறை. மற்றவை வெள்ளை. டிக்கியின் அடியில் தேங்கியிருந்த ஈரத்தையும் ஒரு தாளில் ஒற்றி வெயிலில் வைத்தாள். மாலைக்குள் அது காய்ந்துவிட்டது. அது மழைநீர். கூரை மடிந்து விழும் பள்ளத்திலிருந்து நீர் வடியும் துளை இலைச்சருகால் அடைபட்டிருந்தது. இன்னும் ஓராண்டு விட்டிருந்தால் பம்பு மோட்டார் நீரில் துருப்பிடித்துப் போயிருக்கும். விலைப்பட்டியலில் அந்தத் துளையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதைச் சுத்தம் செய்ய ஒரு வளையும் பிளாஸ்டிக் குச்சி போதுமானதாக இருந்தது.

அடுத்த சிக்கல் சீல் எங்கே கிடைக்கும் என்பது. கார் நிறுவனம் சிலிண்டரை முழு உறுப்பாக மட்டுமே விற்கிறது. பட்டறைகளுக்கான கையேட்டில் சிலிண்டரைக் கழற்றுவது எப்படி, மாட்டுவது எப்படி என்று இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதற்குப் படம் கிடையாது. வெளிப் பட்டறைகளுக்கும் பழுதுபார்ப்புத் தகவல்களைத் தர வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018-ஆம் ஆண்டு வாகன விதிமுறை சொல்கிறது. வாஷிங் மெஷின், செல்பேசி போன்றவற்றைப் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று 2024-இல் தனியாகவே ஓர் ஆணை வந்தது. நல்ல சட்டங்கள்தாம். ஆனால் ‘சிலிண்டரை மாற்றுக’ என்று மட்டுமே எழுதியிருக்கிற பக்கத்தைப் படிக்கும் உரிமை கிடைத்து என்ன பயன்?

எனக்கு அப்போது எங்கள் கல்லூரிக்குப் போகிற வழியில் உள்ள பட்டறை நினைவுக்கு வந்தது. பாளையங்கோட்டையில் வேப்பமரத்தடியில் பொக்லைன் இயந்திரத்தின் கை ஒன்று எப்போதும் கழற்றிக் கிடக்கும். தொடை பருமனுள்ள சிலிண்டரை ஒரு பையன் திறந்து சீல் கிட் மாற்றிக்கொண்டிருப்பான். நாள்தோறும் பேருந்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறேன். பொக்லைன் சிலிண்டர் ஒழுகுகிறது என்பதற்காக யாரும் சிலிண்டரைத் தூக்கி எறிவதில்லை. இதைத் தயங்கித் தயங்கி அத்தானிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் என்னையே பார்த்தார். “அடுத்த ஊர்ல டிராக்டர் பட்டறை இருக்கு மாப்ள. இவ்வளவு நாளா எனக்குத் தோணல பாரு” என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதே ஜெர்மனியில், அதே ஹைட்ராலிக் தத்துவத்தில் இயங்கும் டிராக்டருக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் சீல் மாற்றுவது அன்றாட வேலை. அவை சம்பாதிக்கிற இயந்திரங்கள். நின்றால் உடையவனுக்கு நஷ்டம். எனவே பழுது எவ்வளவு சிறியது என்று கண்டுபிடிக்க எல்லோருக்கும் அவசரம் இருக்கிறது. சொகுசுக் கார் அப்படியல்ல. அதை வைத்திருப்பவன் பணம் உள்ளவன் என்ற அனுமானத்தில் ஆறு கிராம் வளையத்துக்குப் பதில் முழுச் சிலிண்டரை விற்கும் வழக்கம் உருவாகிறது. கார் பழையதாகி என் அத்தானைப் போன்ற ஓய்வுபெற்ற தொழிலாளியின் கைக்கு வந்த பிறகும் அந்த வழக்கம் மட்டும் இளமையாகவே இருக்கிறது. ‘செலவு மதிப்பை மீறிவிட்டது’ என்ற தீர்ப்பில் மதிப்பு குறைந்தது மட்டும் காரணமல்ல. பழுதின் அளவைப் பெரிதாக வரைந்ததும் காரணம்.

பட்டறைக்காரரைக் குற்றவாளியாக்குவது எளிது. அதை நான் செய்ய மாட்டேன். அவருடைய ஒரு மணி நேர உழைப்புக்கு அங்கே உரிய விலை உண்டு. அது நம் ஊரில் நாம் வெட்கமின்றிக் கொடுக்கிற கூலியைவிட எவ்வளவோ மேலானது. தான் செய்த வேலைக்கு அவர் உத்தரவாதம் தர வேண்டும். திறந்து பார்க்காத சிலிண்டருக்கு எப்படித் தருவார்? புதிய உறுப்பை மாட்டினால் உத்தரவாதம் உறுப்போடு வந்துவிடுகிறது. வேப்பமரத்தடிப் பையனுக்குக் கிடைக்கும் கூலியையும் சேர்த்து நினைக்காமல் அவன் திறமையைக் கொண்டாடுவது போலித்தனம். ஆனாலும் மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. பழைய சிலிண்டர்களைத் தபாலில் வாங்கி, காலத்துக்கு நிற்கும் புதிய சீல் பொருத்தித் திருப்பி அனுப்புகிற சிறு பட்டறைகள் அமெரிக்காவில் உள்ளன. நல்ல கூலியும் கிடைத்து உறுப்பும் பிழைக்கிற ஏற்பாடு அது. கார்களின் வயது கூடக்கூட இப்படிப்பட்டவர்களுக்குத்தான் வேலை பெருக வேண்டும் என்பது என் விருப்பம்.

டிராக்டர் பட்டறையின் முதியவர் எங்கள் குட்டிச் சிலிண்டரைக் கையில் வாங்கி, பொம்மையைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார். வாயிலிருந்த கம்பி வளையத்தை எடுத்து, தண்டை உருவினார். சீல் இருந்த பள்ளத்தில் சீல் இல்லை. தேநீரில் ஊறிய பிஸ்கட் போலப் பழுப்பாக ஒரு களிம்பு. அதைத் துடைத்துவிட்டுத் தண்டை விளக்கில் உருட்டிப் பார்த்தார். தண்டில் கீறல் இருந்தால் எந்த சீலும் நிலைக்காது. அந்த நிலையில் புதிய சிலிண்டர்தான் வழி. நல்லவேளை, கீறல் இல்லை. பள்ளத்தை வெர்னியரால் அளந்து, இழுப்பறையிலிருந்து மூன்று சீல்களை எடுத்துத் தந்தார். மூன்றுக்கும் சேர்த்து அவர் வாங்கியது எங்கள் நால்வரின் காபிச் செலவைவிடக் குறைவு.

மாட்டுவது அவ்வளவு எளிதாக இல்லை. சீலை இளஞ்சூடான ஹைட்ராலிக் எண்ணெயில் ஊற வைத்து, அவரைவிதை வடிவத்துக்கு மடக்கி உள்ளே விட்டு, பள்ளத்தில் விரிய விட வேண்டும். தண்டின் முனை அதைக் கிழித்துவிடாமல் டேப் சுற்ற வேண்டும். டார்ச் பிடிக்கும் வேலை என்னுடையது. முதல் சிலிண்டரை மாட்டி, குடுவையை நிரப்பி, கூரையை இயக்கினோம். முன்னைவிட அதிகமாக ஒழுகியது. அத்தான் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். அவள் மட்டும் மறுபடி கழற்றினாள். சீலுக்கு ஓர் உதடு உண்டு. அது அழுத்தம் வரும் பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் திருப்பிப் போட்டிருந்தோம். “மாமா, நீங்க லைட்ட ஆட்டினீங்க” என்று பழியை என்மேல் போட்டாள். ஏற்றுக்கொண்டேன்.

இரண்டாம் முறை சரியாக அமைந்தது. குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றத் தனியாக எதுவும் செய்யவில்லை. கூரையை நாலைந்து முறை திறந்து மூடினால் காற்று தானாகவே குடுவைக்குத் திரும்பி நுரையாகிறது. நுரை அடங்கும்வரை காத்திருந்து மேலும் எண்ணெய் ஊற்றினோம். மறுநாள் ஞாயிறு. அந்நாட்டில் அன்று சத்தம் வரும் வேலை எதுவும் செய்யக் கூடாது. எனவே கார் கூரை திறந்தபடி கொட்டகையில் கிடந்தது. அத்தான் ஒரு மணிக்கு ஒருமுறை போய் டிஷ்யூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

வகுப்பில் சுவடிப் பதிப்பு நடத்தும்போது நான் சொல்வதுண்டு: செல்லரித்தது ஓர் எழுத்தானால் அந்த ஓர் எழுத்தில் நிற்க வேண்டும், பொருள் விளங்கவில்லை என்று அடி முழுவதையும் தானே எழுதி நிரப்பிய பதிப்பாளர்களால் நாம் இழந்தது அதிகம். சொல்லும்போதெல்லாம் மாணவர்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். அவர்களில் யாராவது அதைக் கண்ணால் கண்டிருக்கிறார்களா என்று இப்போது சந்தேகம் வருகிறது. அந்தப் பழுப்புக் களிம்பை ஒரு புட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தால் பாடம் நடத்த உதவியிருக்கும்.

துணிக்கூரைக்கு ஹைட்ராலிக்கே தேவையா என்ற கேள்விக்கு என் பதில் கலவையானது. 1989-இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 காரின் கூரையைக் கையால் மடக்கலாம். ஒழுக அதில் எண்ணெயே இல்லை. அதுவே புத்திசாலித்தனமான வடிவமைப்பு என்று அக்காள் மகள் வாதாடுகிறாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது. அத்தானுக்கு வலது தோளைத் தூக்கினால் வலிக்கும். அவர் பொத்தானை அழுத்தும்போது முகத்தில் வருகிற சந்தோஷத்தை நான் பார்த்துவிட்டதால் இந்த விவாதத்தில் நடுநிலை வகிக்க முடியவில்லை.

கார் 2025-இல் முப்பது வயதை எட்டியது. ‘எச்’ எண்பலகை மாட்டிய படத்தை அக்கா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். கூரையைத் தூக்கும் பெரிய சிலிண்டர்கள் இரண்டும் இன்னும் பழைய சீலோடுதான் இருக்கின்றன. பின்னிருக்கையையும் உள்தகடுகளையும் கழற்றினால்தான் அவற்றை எடுக்க முடியும். அவற்றின் வாயில் டிஷ்யூ கட்டியிருக்கிறது. அதற்குரிய சீல்களை டிராக்டர் பட்டறை முதியவர் எடுத்து வைத்திருக்கிறாராம். டார்ச் பிடிக்க ஆள் வேண்டும் என்று அக்காள் மகள் எழுதியிருக்கிறாள்.